பொய்த்த வாக்கைச் சுமப்பவர் யார்?

2020 மார்ச் 23ஆம் தேதி மியான்மரில் முதல் கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அதற்குப் பத்து நாள் முன்பே அரசு பொதுக்கூட்டங்களுக்குத் தடை போட்டிருந்தது. இருந்தும் ஏப்ரல் தொடக்கத்தில், கனடாவிலிருந்து வந்திருந்த பர்மியப் போதகர் டேவிட் லா யாங்கோனில் ஜெபக்கூட்டம் நடத்தினார். இயேசுவின் வழியில் நடக்கும் சபையை இந்த நோய் அண்டாது என்பது அவர் கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்த உறுதி. சில நாட்களில் அவருக்கே தொற்று வந்தது. அவரோடு தொடர்பில் இருந்த பலருக்கும் வந்தது. அவர் குணமான பிறகு, தடையை மீறியதற்காக வழக்கு நடந்து, ஆகஸ்டில் யாங்கோன் நீதிமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். சிறுபான்மைச் சமயம் ஒன்றின் மேடையில் சொன்ன சொல் ஊரெங்கும் நோயாகப் போய்ச் சேரும்போது, அது அந்த மேடையோடு முடிகிற விஷயமாக இருப்பதில்லை.

இப்படி ஏதாவது நடக்கும்போது கிறிஸ்தவர் வாயில் முதலில் வரும் சொல் ‘கள்ளப் போதகர்’. உண்மையைச் சொல்லாமல், மக்கள் கேட்க விரும்புவதைச் சொல்லித் தேற்றுகிறவர் என்று அதற்குப் பொருள். இந்த எச்சரிக்கை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அதன் வேர் இன்னும் அறுநூறு ஆண்டு பின்னால் எரேமியாவிடம் இருக்கிறது. தமிழ்ச் சபைகளில் பிரசங்க மேடையிலும் கைப்பிரதியிலும் யூடியூபிலும் வாரம் தவறாமல் கேட்கிறோம். எச்சரிக்கை தேவையா என்ற கேள்விக்கு யாங்கோன் நிகழ்ச்சியே விடை. அது சரியான ஆளைத்தான் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆறுதல் ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம் என்று தராசு தூக்கினால் கள்ளன் தப்பிவிடுகிறான், நல்லவன் மாட்டிக்கொள்கிறான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இனிப்பாகச் சொன்னாரா கசப்பாகச் சொன்னாரா என்று பார்ப்பதைவிட, சொன்னது பொய்த்துப் போனால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று பார்ப்பதே தக்க உரைகல்.

முதலில் இந்த மரபின் பலத்தைச் சொல்லியாக வேண்டும். தன் சொந்தப் பூசாரிகள்மீதே சந்தேகப்படும்படி பின்பற்றுவோருக்குக் கட்டளையிடும் வேதம் எளிதில் கிடைக்கும் பொருளல்ல. முதலாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் ஆகாப் மன்னன் போருக்குப் போகலாமா என்று கேட்கிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் வெற்றி என்கிறார்கள். சிதேக்கியா என்பவன் இரும்பில் கொம்பு செய்துகொண்டு வந்து, எதிரியை முட்டித் தள்ளுவாய் என்று நடித்தே காட்டுகிறான். மிகாயா ஒருவன் மட்டும் தோல்வி என்கிறான். கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போகிறான். மன்னன் வேடம் மாற்றிக்கொண்டு போருக்குப் போயும் அம்பு பட்டுச் சாகிறான். நானூறுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு, கூட்டத்தின் பெருக்கம் சாட்சியாகாது என்பதைச் சாதாரண விசுவாசிக்குக் கற்றுக்கொடுக்கிறது. மைதானம் நிரம்பி வழிந்தது என்பதையே அபிஷேகத்துக்கு அடையாளமாகக் காட்டும் காலத்தில் இது சிறிய பாடமல்ல. குறளில் இடித்துரைக்கும் துணை இல்லாத அரசனைப் பற்றி வள்ளுவர் எச்சரிப்பதும் இதே ஆபத்தைத்தான். ஆனால் அவர் அரசனுக்குச் சொன்னதை இந்த மரபு கடைசி இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல்கிறது.

இதைவிட நுட்பமானது எரேமியா 28. பாபிலோனுக்கு அடிமைப்படத்தான் வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு திரிகிறார். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னும் அந்த நுகத்தைக் கழற்றி உடைக்கிறான். இரண்டே வருடம், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைபோன மக்களும் திரும்பிவிடும் என்கிறான். அவன் காசு வாங்கினான் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. ஊருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு உண்மையிலேயே இருந்திருக்கலாம். எரேமியாவின் முதல் பதில்தான் வியப்பு: ஆமென் என்கிறார், நீ சொன்னபடியே கர்த்தர் செய்யட்டும் என்கிறார். உண்மையைச் சொல்கிறவருக்கும் ஆறுதல் வேண்டும்தான். அடுத்த அதிகாரத்தில் அவர் பாபிலோனிலிருக்கும் சிறைக்கைதிகளுக்குக் கடிதம் எழுதுகிறார்: காலம் எழுபது வருடம், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊரின் நன்மையைத் தேடுங்கள். 1942இல் போருக்குத் தப்பி இந்தியாவை நோக்கி நடந்த நடைப்பயணத்தையும், 1964இல் கடைகள் அரசுடைமையானதையும் பார்த்து, அதன் பிறகும் பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழருக்கு இந்தக் கடிதத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருடக் கணக்கை நம்பியவன் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருப்பான்; எழுபது வருடக் கணக்கை நம்பியவன் மரம் நடுவான். பொய்யான ஆறுதலின் கேடு எங்கே இருக்கிறது என்பது இங்கே தெளிவாகிறது: அது மனத்தை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, செய்ய வேண்டிய வேலையையும் செய்யவிடாமல் தடுக்கிறது.

மூன்றாவது பலம், இந்த மரபு கொள்கையைக் கடந்து நடத்தையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. ‘திதகே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டியது என்று பலர் கருதுகிறார்கள். அதன் சுவடி 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சானது. ஊர் ஊராகச் சுற்றும் போதகரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அது சமையற்கட்டு அளவில் விதி வைக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளர். புறப்படும்போது அடுத்த ஊர் வரைக்கும் ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். காசு கேட்டால் கள்ளர். ஆவியில் பேசும்போது பேச்சைச் சோதிக்காதே என்றும் அதே நூல் சொல்கிறது. பேச்சைத் தொடாதே, பந்தியையும் பையையும் பார் என்பதுதான் அதன் சூட்சுமம். ஊரிலேயே நிலைத்துவிட விரும்பும் வழிப்போக்கனுக்கும் அங்கே இடமுண்டு: கைத்தொழில் தெரிந்தவன் உழைத்துச் சாப்பிடட்டும். விமானத்தில் வந்து, மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடத்தி, காணிக்கைப் பையைக் கட்டிக்கொண்டு போகும் இன்றைய ஏற்பாட்டை அந்த நூல் முன்கூட்டியே கண்டதுபோல் இருக்கிறது.

இனி குறைகள். முதல் குறை, கசப்பாக இருப்பதெல்லாம் உண்மை என்ற மயக்கம். செவித்தினவு உள்ளவர்கள் தங்களுக்கு இதமான போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எச்சரித்தாலும் எச்சரித்தது, காது கிழியப் பேசுவதே சத்தியத்தின் முத்திரை என்று பல மேடைகள் முடிவு கட்டிவிட்டன. யோபின் நண்பர்கள் இனிக்கப் பேசியவர்கள் அல்லர். பிள்ளைகளை இழந்து, உடல் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் போய், நீ பாவம் செய்திருப்பாய், ஒத்துக்கொள் என்று மாறி மாறி அடித்தார்கள். ஒப்பனை இல்லாத பேச்சு, முழுக்கப் பொய். கதையின் முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் விழுகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று யோவான் 9இல் சீடர்கள் கேட்டதும் இதே வகை. உன் நோய் உன் பாவத்தால் என்ற வசனம் கேட்பவனுக்குக் கசப்பு. சொல்பவனுக்கோ அதைவிடச் சுகமான ஆறுதல் கிடையாது. எனக்கு இப்படி வராது என்ற நிம்மதி அதில் ஒளிந்திருக்கிறது. ஆக, ஆறுதல் என்பது எப்போதும் கேட்பவர் பக்கமே கிடைப்பதல்ல. மேடையில் நிற்பவர் தனக்குத்தானே தடவிக்கொள்ளும் தைலமாகவும் கண்டிப்பு இருக்க முடியும்.

இரண்டாவது குறை, இந்தச் சொல் அதிகாரத்தின் கையிலும் வழக்கத்தின் கையிலும் ஆயுதமாவது. தஞ்சாவூர்ச் சபை வரலாறு இதற்கு நல்ல பாடம். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1820களில் வந்த புதிய மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்தார். பழக்கமான வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதி வேறுபாட்டை விடச் சொல்கிறார்கள், விழாக்களில் பூவைத் தடுக்கிறார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள் என்பவை அவருடைய குற்றச்சாட்டுகள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இதில் யார் கள்ளப் போதகர்? ஒரே ஆலயத்தில் தனித்தனி இடத்தில் உட்கார்வதைப் பல பத்தாண்டுகள் கண்டும் காணாமல் விட்ட பழைய மிஷனரிகளின் மென்மை, மேல்சாதிக் கிறிஸ்தவருக்குக் கொடுத்த பொய்யான ஆறுதல் என்று சொல்லலாம். அந்த வகையில் வில்சன் சொன்னது கசப்பான உண்மை. ஆனால் பாட்டிலும் பூவிலும் சாஸ்திரியார் சொன்னதே சரி என்பதை அடுத்த நூறு ஆண்டுகள் காட்டிவிட்டன. அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்றைய தமிழ் ஆராதனையை நினைத்துப் பார்க்க முடியாது. ஒரே மனிதர் ஒரே வழக்கில் ஒன்றில் உண்மையையும் இன்னொன்றில் வசதியையும் காத்து நின்றார். முழு ஆளையும் நல்லவர், கள்ளர் என்று இரண்டே பெட்டியில் போடும் எச்சரிக்கைக்கு இதைப் பார்க்கும் கண் இல்லை.

மூன்றாவது குறை, பழியைக் கேட்பவர்மேல் போடுவது. செவித்தினவு என்ற சொல்லே, அரிப்பு உன் காதில்தான் என்று மக்களைக் குற்றம் சொல்கிறது. காது ஏன் அரிக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 1987 செப்டம்பரில் பர்மாவில் 25, 35, 75 க்யாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாக்காசாயின. வீட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அதன் பின் வந்தவை 45, 90 க்யாட் நோட்டுகள். ஒன்பதால் வகுபடும் எண்கள்மேல் ஆட்சியாளர் நே வின்னுக்கு இருந்த நம்பிக்கையே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நாட்டை ஆண்டவரே எண்ணில் ஆறுதல் தேடினார் என்று பேசப்படும் இடத்தில், மருந்துக்கு வழியில்லாத தாய் ஜெப எண்ணெய்க் குப்பியில் ஆறுதல் தேடுவதை மட்டும் தினவு என்பது நியாயமாகப் படவில்லை. மருத்துவமனைப் பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும் எந்த ஊரிலும் சுகமளிக்கும் கூட்டத்துக்கு ஆள் குறையாது. போலி ஆறுதலுக்கு எதிரான பிரசங்கம், உண்மையான ஆறுதல் எங்கே கிடைக்கும் என்று முகவரி சொல்லாதவரை பாதிப் பிரசங்கம்தான்.

அந்த முகவரிகளில் ஒன்று யாங்கோனிலேயே இருக்கிறது. நகரின் மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டிய க்யிம்யிண்டைங்கை ஆங்கிலேயர் காலத்துக் காகிதங்கள் கெம்மண்டைன் என்று குறிக்கும். ஆங்கிலிக்கன் மிஷனரியான பர்சர் அங்கே 1914இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1917இல் அதற்கு வந்து சேர்ந்தவர் அவருடைய மைத்துனர் வில்லியம் ஹென்றி ஜாக்சன். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். பர்மியருக்குள் பர்மியராக, வெறுங்காலோடு வாழ்ந்தார். வட்டம் வட்டமாக ஓடும் பர்மிய எழுத்துகளை ஆறு புள்ளிகளுக்குள் கொண்டுவந்து பிரெய்ல் முறை அமைத்தார். பிரம்பு பின்னுவது போன்ற கைத்தொழில்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 1931இல் இறக்கும்வரை அவர் வேலை அங்கேயே. நம்மூர் வாசகருக்குப் பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே குலம்.

இந்தப் பள்ளி பிள்ளைகளுக்குக் கொடுத்த செய்தியை ஆறுதல் என்பதா, உண்மை என்பதா? உனக்குப் பார்வை வராமல் போகலாம் என்பது அதன் முதல் வாக்கியம். ஒரு தாய்க்கு அதைவிடக் கொடிய சொல் இல்லை. இரண்டாவது வாக்கியம், ஆனாலும் நீ படிப்பாய், சம்பாதிப்பாய். பிரெய்ல் எழுதும் பிள்ளை சட்டத்துக்குள் காகிதத்தை வைத்து ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போகும்; காகிதத்தைத் திருப்பினால் புடைத்த புள்ளிகள் இடமிருந்து வலமாக விரலில் தட்டுப்படும். கண் வராது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த ஊசி கைக்கு வரும். நாளை இரவுக் கூட்டத்தில் பார்வை வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் பிள்ளையை யாரும் பிரெய்ல் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். அனனியாவின் இரண்டு வருடமும் எரேமியாவின் தோட்டமும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்து மேசைமேல் எதிரெதிரே நிற்கின்றன. இங்கே உண்மைதான் ஆறுதலின் கதவைத் திறந்தது. இரண்டையும் எதிர்க்கட்சிகளாக்கிய தராசு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மறுப்புகள் உண்டு. இயேசுவே குருடரைக் குணமாக்கினாரே, அதை வாக்களிப்பது எப்படிப் பொய்யாகும் என்பார்கள். கடவுளால் முடியும் என்பது விசுவாசம். இன்றைக்கு, இந்த மேடையில், உனக்கு நடக்கும் என்பது கணக்குத் தீர்க்க வேண்டிய வாக்குறுதி. முதலாவதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது, இரண்டாவதை விடிந்ததும் நிரூபித்துவிடலாம். செவித்தினவைப் பற்றி எச்சரிக்கும் அதே நிருபத்தின் அதே நான்காம் அதிகாரத்தில், துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குணமாகாத உடன்ஊழியனின் பெயரை மறைக்காமல் எழுதுவதுதான் அந்த எச்சரிக்கைக்கு உரிமை தருகிறது. சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்படுவோர் எல்லோரும் குணமானவர்களாக மட்டுமே இருக்கும் கூட்டத்தில் அந்த நேர்மை இல்லை.

தமிழ் மனம் எழுப்பும் வலுவான மறுப்பு வள்ளுவரிடமிருந்து வரும். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவரே அனுமதித்திருக்கிறாரே. சாகக் கிடப்பவருக்கு நல்ல வார்த்தை சொல்வதில் என்ன தவறு? தவறில்லை. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை விட்டுவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். வாய்மையே தீங்கு பயக்காத சொல் என்று அவர் வரையறுக்கிறார். படுக்கையருகே கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் தேறுதல் யாரையும் மருந்திலிருந்து பிரிப்பதில்லை. தொற்று வராது என்ற சொல் மக்களை ஒரே அறைக்குள் கூட்டியது. இரண்டும் ஆறுதல்தான், ஒன்றின் விலை பூஜ்யம், மற்றதன் விலையைக் கேட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கட்டினார்கள்.

நீ யார் நியாயந்தீர்க்க என்பது மூன்றாவது மறுப்பு. மத்தேயு ஏழாம் அதிகாரம் குற்றவாளியாகத் தீர்க்காதே என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அதே அதிகாரத்தின் நடுவில் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களைக் கனியால் அறியச் சொல்கிறது. ஆளின் உள்ளத்தை அளக்காதே, விளைச்சலை அள என்று படித்தால் இரண்டும் முரண்படவில்லை. டேவிட் லா தானும் நோயில் விழுந்து சிறைக்கும் போனாரே, விலையைத் தானும் கட்டினாரே என்று கேட்கலாம். அது அவர் சொன்னதைத் தானே நம்பினார் என்பதற்குச் சான்றாகலாம். மனப்பூர்வமாக நம்பியதால் வாக்கு மெய்யாவதில்லை. உள்நோக்கத்தைத் தேடும் எச்சரிக்கை இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது. அவர் கேட்டவர்களிடம் நான் தவறலாம் என்று சொல்லியிருந்தால் அவர்களில் சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மறைத்ததே, நல்லெண்ணத்தோடு சேர்ந்தும் நடக்கக்கூடிய களவு.

ஆகவே இந்த எச்சரிக்கையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, திருத்திக் கூர்மையாக்க வேண்டும். போதகரிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். சொன்னது நடக்காவிட்டால் என்ன சொல்வீர்கள்? விசுவாசம் குறைவு என்று எங்கள் தலையில் போடுவீர்களா, உங்கள் தலையில் போட்டுக்கொள்வீர்களா? கூட்டம் முடிந்த நாலாம் நாள் எங்கே இருப்பீர்கள்? உங்கள் சொல்லைக் கேட்டதால் நான் மருத்துவரிடமோ பள்ளிக்கோ போகாமல் இருந்துவிடுவேனா? எச்சரிக்கை செய்கிறவரும் இதே கேள்விகளுக்கு உட்பட்டவர். அடுத்த சபைக்காரரைக் கள்ளர் என்று சொல்வதால் தன் சபைக்கு ஆள் கூடுமானால், அந்த எச்சரிக்கையிலும் கொஞ்சம் காணிக்கை வாடை வீசுகிறது. எரேமியா நுகத்தை முதலில் தன் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகே மற்றவருக்குச் சொன்னார். க்யிம்யிண்டைங்கில் ஜாக்சன் பிள்ளைகளிடம் பார்வையில்லாமல் வாழலாம் என்று சொன்னபோது அவர் விரல்களும் அதே புள்ளிகளைத்தான் தடவிக்கொண்டிருந்தன.